மேகசீனைக் கழற்றினால் பிஸ்டல் காலியாகிவிடாது

அண்ணாச்சி, தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைப்பது பற்றி நீங்கள் எழுதியது சரி. ஆனால் "பிஸ்டலில் மேகசீனைக் கழற்றிவிட்டால் போதும், அப்புறம் அது வெறும் இரும்பு" என்ற வரி தவறு. மேகசீன் என்பது தோட்டாக்களை அடுக்கி வைக்கும், கழற்றி எடுக்கக்கூடிய பெட்டி மட்டும்தான். தயவுசெய்து அதை மாற்றிவிடுங்கள்.

தற்காப்புக்கு பிஸ்டல் வைத்திருப்பவர்களில் சிலர் சேம்பரில், அதாவது தோட்டா வெடிக்கிற அறையில், ஒரு தோட்டாவை ஏற்றியே வைத்திருப்பார்கள். மேகசீன் கைக்கு வந்தாலும் அந்தத் தோட்டா குழலின் பின்பக்கம் அப்படியே இருக்கும். விசையை அழுத்தினால் வெடிக்கும். பிரௌனிங் ஹை-பவர் போன்ற சிலவற்றில் மேகசீன் இல்லாவிட்டால் விசை வேலை செய்யாது. கிளாக் பிஸ்டலில் அந்த ஏற்பாடே கிடையாது.

வரிசையும் முக்கியம். முதலில் மேகசீனைக் கழற்ற வேண்டும், பிறகுதான் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை, இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் ஒரு தோட்டா வெளியே விழும், ஸ்லைடு திரும்பும்போது மேகசீனிலிருந்து அடுத்தது உள்ளே போய்விடும். விழுந்ததைப் பார்த்து காலி என்று நம்பிவிடுவோம். அதனால் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தடவிப் பாருங்கள். இதெல்லாம் முடியும்வரை குழல் ஆளில்லாத பக்கமே இருக்கட்டும், விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.

ரிவால்வருக்கு மேகசீனே இல்லை, உருளையைத் திறந்து எல்லா அறைகளையும் பார்க்க வேண்டும்.

அம்பாசமுத்திரம், களக்காடு பக்கம் தோட்டக் காவலுக்கு நீளத் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களும் உங்கள் பதிவைப் படிப்பார்கள். அவர்களும் துப்பாக்கியை ஒப்படைக்கக் கிளம்புவதற்கு முன்பே, வீட்டிலேயே சேம்பரைத் திறந்து பார்த்துவிட வேண்டும்.