டூனிஸ் கேம்பெல்லை ஏன் சிறைக்கு அனுப்பினார்கள்?

அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த கதையை நம்மில் பலர் லிங்கனோடு முடித்துவிடுகிறோம். எனக்கு அதற்குப் பிந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் முக்கியம். அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ள அதிபர்களைவிட ஜார்ஜியாவின் மாநில செனட்டர் டூனிஸ் கேம்பெல்லின் வாழ்க்கையே அதிகம் உதவும் என்பது என் கருத்து.

1812-இல் நியூஜெர்சியில் பிறந்தவர். அடிமையாக இருந்தவரல்ல. நியூயார்க்கில் வெள்ளைக்காரப் பிள்ளைகளோடு ஒரு தேவாலயப் பள்ளியில் படித்தார். அவரை லைபீரியாவுக்கு மிஷனரியாக அனுப்புவதுதான் பள்ளியின் திட்டம். கறுப்பர்களைக் கப்பலேற்றி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நம்பிய காலம் அது. கேம்பெல் மறுத்துவிட்டார், அந்தத் திட்டத்துக்கு எதிராகவே பிரச்சாரமும் செய்தார்.

பிழைப்புக்கு நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் ஹோட்டல் வேலை. சாதாரண சர்வராக நின்றுவிடவில்லை, தலைமைச் சிப்பந்தி ஆனார். 1848-இல் ஹோட்டல் நிர்வாகத்துக்கு ஒரு கையேடும் எழுதினார். சர்வர்கள் மணியோசைக்கு ஏற்ப வரிசையாக நடந்து வந்து, ஒரே நேரத்தில் உணவுத் தட்டுகளை மேசையில் வைப்பதற்கான பயிற்சி அதில் இருக்கிறது. கிட்டத்தட்ட ராணுவ அணிவகுப்புதான். ஆட்களை ஒருங்கிணைக்கும் திறமை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

1865-இல், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையை நடத்திய ஜெனரல் ஷெர்மன், ஜார்ஜியா, தென் கரோலினா கடலோர நிலங்களை விடுதலை பெற்றவர்களுக்கு ஒதுக்கி உத்தரவு போட்டார். ஜார்ஜியாவின் சில தீவுகளுக்கு மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டவர் கேம்பெல். செயின்ட் கேத்தரின்ஸ் தீவில் குடும்பங்களைக் குடியேற்றினார், பள்ளி திறந்தார், நேற்றுவரை சொத்தாக விற்கப்பட்ட மனிதர்களைக் கொண்டு ஒரு அரசாங்கத்தையே அமைத்தார். அப்புறம் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன், போரில் தெற்கின் பக்கம் நின்ற பழைய முதலாளிகளுக்கு மன்னிப்பு வழங்கி நிலத்தையும் திருப்பிக் கொடுத்தார். 1866-இல் கேம்பெல் தீவைவிட்டு வெளியேற்றப்பட்டார்.

வேறொருவர் என்றால் பாஸ்டனுக்கே திரும்பியிருப்பார். இவர் எதிர்க்கரையில் மெக்கின்டாஷ் மாவட்டத்தில் நிலம் பிடித்து, தன் மக்களை அங்கே கூட்டிவந்தார். 1868-இல் மாநில செனட்டுக்குத் தேர்வானார். அவருடைய மகன் கீழவைக்குப் போனார்.

சில மாதம்கூட நிம்மதியாக உட்கார விடவில்லை. கறுப்பர்களுக்கு வாக்குரிமை உண்டு, ஆனால் பதவி வகிக்கலாம் என்று மாநில அரசமைப்பில் வெளிப்படையாக எழுதப்படவில்லை என்ற வாதத்தை வைத்து, செப்டம்பரில் கறுப்பின உறுப்பினர்களை இரு அவைகளிலிருந்தும் வெளியேற்றினார்கள். தோல் வெளுப்பாக இருந்த நான்கு பேரை மட்டும், கறுப்பர் என்று நிரூபிக்க முடியாததால் விட்டுவைத்தார்கள். சட்டத்தின் பெயரால் நடந்த இந்த அசிங்கத்துக்கு விளக்கமே தேவையில்லை. வாஷிங்டன் தலையிட்ட பிறகு, 1870-இல்தான் அவர்கள் திரும்ப உட்கார முடிந்தது.

கேம்பெல்லைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்த வெளியேற்றத்தைத்தான் பேசுகிறார்கள். ஆனால் எதிரிகளை உண்மையில் பயமுறுத்தியது அவருடைய செனட் பதவி இல்லை, மெக்கின்டாஷ் மாவட்டத்தின் டேரியன் ஊரில் அவர் வகித்த சின்னஞ்சிறிய பதவி என்றே நான் நினைக்கிறேன். அவர் அங்கே சிறு வழக்குகளை விசாரிக்கும் உள்ளூர் நீதிபதி.

டேரியன் ஒரு மரத் துறைமுகம். உள்நாட்டிலிருந்து பைன் மரங்கள் ஆல்டமஹா ஆற்றில் தெப்பமாக மிதந்து வரும், கப்பல்கள் ஏற்றிக்கொண்டு போகும். கூலியை ஏமாற்றும் தோட்ட முதலாளிமீதும் மாலுமியை அடிக்கும் கப்பல் கேப்டன்மீதும் ஒரு கறுப்புத் தொழிலாளி வழக்குப் போட முடிந்தது, வழக்கைக் கேட்கவும் ஆள் இருந்தார். வெள்ளைக்காரனும் கைதாகலாம் என்பதை அந்த ஊர் கண்ணால் பார்த்தது. தலைநகரில் ஒரு செனட்டர் பேசுவதைப் பொறுத்துக்கொள்வார்கள். வாரக் கூலிக் கணக்கில் கை வைத்தால் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆட்சி மறுபடி பழைய ஆட்கள் கைக்குப் போனதும் வழக்குமேல் வழக்கு. வெள்ளைக்காரர் ஒருவரை முறைகேடாகக் கைதுசெய்தார் என்பது போன்ற குற்றச்சாட்டுகள். 1876 ஜனவரியில், 63 வயதில், கைவிலங்கோடு அவரைக் கைதிகள் முகாமுக்கு அனுப்பினார்கள். கைதிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டு அரசு காசு பார்த்த காலம். அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க அரசமைப்பின் 13-ஆவது திருத்தத்திலேயே ‘குற்றத்துக்கான தண்டனை தவிர’ என்று ஒரு வாசல் திறந்திருந்தது. ஜார்ஜியா அதன் வழியே ஆயிரக்கணக்கானவர்களை மறுபடி விலங்குக்குள் தள்ளியது. பிறப்பால் சுதந்திரமான கேம்பெல் முதியவயதில் அடிமையைப் போல உழைக்க வேண்டியிருந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஒரு வருடம் கழித்து வெளியே வந்தவர், நடந்ததைத் தானே எழுதி வெளியிட்டார். 1891-இல் பாஸ்டனில் இறந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வரலாற்றாசிரியர் டன்னிங்கும் அவர் மாணவர்களும் எழுதிய வரலாற்றில், இப்படிப்பட்டவர்கள் வடக்கிலிருந்து கொள்ளையடிக்க வந்த கூட்டம். இந்தப் பொய் பல தலைமுறைகளுக்குப் பாடமாகவே ஓடியது. அதற்குப் பதில் மெக்கின்டாஷ் மாவட்டத்திலேயே இருக்கிறது. கேம்பெல் போன பிறகும், சுற்றியிருந்த மாவட்டங்களில் எல்லாம் கறுப்பர்களின் குரல் அடங்கிய பிறகும், அந்த மாவட்டம் மாநில சட்டமன்றத்துக்குக் கறுப்பின உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. கடைசி உறுப்பினர் வில்லியம் ரோஜர்ஸ் 1907-இல் விலகினார். மறு ஆண்டே கறுப்பர்களின் வாக்குரிமையை ஜார்ஜியா அரசமைப்புத் திருத்தத்தால் பறித்தது. அடுத்த கறுப்பின உறுப்பினர் அந்தச் சட்டமன்றத்துக்குத் தேர்வாக 1962 வரை ஆனது.