டார்வின் கால்பந்தில் அரசியல் வேண்டாமாம்

சென்ற வார விழாவில், வட ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரக் கால்பந்து வரலாறு பற்றி ஒரு பெரியவர் ஆற்றிய உரையின் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் பகிர்ந்தும் விட்டீர்கள். நார்தர்ன் டெரிட்டரி கால்பந்து லீக் 1916-இல் தொடங்கியது, தெற்கே எல்லோரும் குளிர்காலத்தில் ஆடும் ஃபுட்டி எனும் ஆஸ்திரேலிய வகைக் கால்பந்தை டார்வினில் மட்டும் அக்டோபர் முதல் மார்ச் வரை மழையில் ஆடுகிறார்கள் என்று அவர் சொன்ன அனைத்தும் சரி. யாரை ஆட விடவில்லை என்பது மட்டும் அந்த உரையில் இல்லை. அதைக் கேட்டதற்கு, “விளையாட்டுக்குள் ஏன் அரசியலைக் கொண்டுவருகிறீர்கள்?” என்று என்னைத் திருப்பிக் கேட்கிறார்கள்.

கொண்டுவந்தது நான் அல்ல, ஐயா. 1920களின் பிற்பகுதியில் தோலின் நிறத்தைக் காட்டிப் பழங்குடி வீரர்களை வெளியே நிறுத்தியது அந்த லீக்கே. ரூபன் கூப்பர் போன்ற பேர்போன ஆட்டக்காரர்களைக் கொண்டிருந்த வெஸ்டீஸ் அணி, அதாவது இன்றைய பஃபலோஸின் முன்னோடி, ஆடத் தெரியாததால் வெளியேறவில்லை. தடை சில ஆண்டுகளில் நீங்கிவிட்டதே என்பீர்கள். நீங்கியது, மகிழ்ச்சி.

ஆனால் தடை நீங்கியதும் கதவு திறந்துவிட்டது என்றால் 1952-இல் செயிண்ட் மேரிஸ் கழகம் எதற்குப் பிறந்தது? ராணுவ, விமானப்படை முகாம்களில் வேலை பார்க்க டார்வினுக்கு வடக்கே உள்ள டிவி (Tiwi) தீவுகளிலிருந்து வந்த பழங்குடியினருக்கு லீக்கில் ஆட ஓர் அணி வேண்டியிருந்தது. அதற்காகவே டெட் ஈகன் உள்ளிட்ட சிலர் அதை உருவாக்கினார்கள். பழங்குடியினர் நகருக்குள் எப்போது நடமாடலாம் என்பதையே அரசு தீர்மானித்துவந்த ஊர் அது. அந்த அணி 1954-55 பருவத்திலேயே கோப்பையை வென்றது. இன்று லீக்கில் மிக அதிகக் கோப்பைகள் வைத்திருப்பதும் அதுதான். டேவிட் கான்டிலா அங்கிருந்து அடிலெய்டுக்குப் போய், 1964-இல் சவுத் அடிலெய்டு அணி வாகை சூடியபோது அதில் ஆடினார். மாரிஸ் ரியோலி, மைக்கேல் லாங், சிரில் ரியோலி மூவரும் செயிண்ட் மேரிஸ்காரர்கள். மூவரும் நாட்டின் உச்ச லீக்கின் இறுதிப் போட்டியில் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் பெற்றவர்கள். சிரிலுக்கு மாரிஸ் தந்தையின் உடன்பிறந்தவர், லாங் தாய்மாமன். உரையில் இந்தப் பெயர்களுக்குப் பலத்த கைதட்டல் விழுந்தது. பெயர்கள் வேண்டும், அவர்கள் வந்த வழி வேண்டாம் என்பது வசதியான வரலாறு.

பழைய கதையைக் கிளறாதீர்கள் என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். 1916 மட்டும் நேற்று நடந்ததா? பெருமைக்கு நூறாண்டு பின்னோக்கிப் போகலாம், அவமானத்துக்குப் போகக் கூடாதோ?

மனம் நொந்தது இதற்கெல்லாம் அல்ல. பழங்குடியினரைப் பற்றி “அவர்கள் நமக்கு என்ன உறவு?” என்று கேட்டிருந்தாரே ஓர் அன்பர், அதற்குத்தான். இந்த ஊருக்கு வந்த புதிதில், யாரையும் தெரியாமல், புழுக்கம் தாங்காத ஒரு மாலையில் மகளைக் கூட்டிக்கொண்டு மராரா மைதானத்துக்குப் போனேன். செயிண்ட் மேரிஸின் பச்சையும் பொன்னிறமும் உடுத்திய டிவி தீவு மூதாட்டி ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். நடுவர் ஊதும்போதெல்லாம் எதற்கு ஊதுகிறார் என்று என் மகளுக்குச் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன உறவு என்று அவர் கேட்கவில்லை. நம் சங்க விழாக்களில், நம்மவர் அல்லாத எவருக்காவது நாம் அப்படி நகர்ந்து உட்கார்ந்திருக்கிறோமா? சரி, அது வேறு பஞ்சாயத்து.

1926-இல் நீங்களும் நானும் டார்வினில் இருந்திருந்தால், நம் நிறத்துக்கு அந்த லீக் எல்லைக்கோட்டின் எந்தப் பக்கத்தைக் காட்டியிருக்கும் என்று அந்த அன்பர் ஒரு கணமாவது யோசித்திருக்கலாம். வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை முற்றாக நீக்கப்பட்டது 1973-இல். அதன் பிறகு வந்து வீடு வாங்கிய நாம், அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றவர்களைப் பற்றிப் பேசுவதை அரசியல் என்கிறோம்.

நான் ஒன்றும் வீரர்களின் சாதனையைக் குறைக்கவில்லை. டிவி பாம்பர்ஸ் 2011-12-இல் கோப்பை வென்றதை அந்த உரை ஒரு வரியில் தாண்டிப் போனதே, ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் கடல் தாண்டி வந்து ஆடும் தீவுக்காரர்களின் அணி அது, அதைக் குறைத்தவர் யார்? 2012-ஐச் சொன்னவருக்கு 1952-ஐச் சொல்ல நேரமில்லையாம். அந்தக் காணொளியை இன்னும் பகிர நினைப்பவர்கள், அவர் விட்டதை மேலே இரண்டு வரி எழுதிவிட்டுப் பகிருங்கள். இந்தப் பதிவை நீக்கும்படி உள்பெட்டியில் சொல்லிக்கொண்டிருப்பவர்களுக்கு: நீக்கமாட்டேன்.