காதுக்கு நல்லா இருக்குன்னு விடை சொல்லாதீங்க

இங்கிலீஷ் தேர்வுப் பயிற்சியில் தப்பான விடை சொன்ன ஒரு பெண்ணைப் பயிற்சியாளர் கேலி செய்கிற அந்தக் காணொளியை நேற்று ராத்திரியிலிருந்து பல பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்தேன். இரண்டு முறை பார்த்தேன். என்ன நடந்தது என்று மறுபடி இங்கே விவரிக்கப் போவதில்லை, அந்தப் பெண்ணுக்கு இன்னொரு முறை அது நடக்க வேண்டாம். 'கன்சிடர்ட் ஆஸ்' இருந்த விடையை அவள் சொன்னதும் அந்தப் பயிற்சியாளர் சிரித்தாரே, அது கூடப் போகட்டும். பிறகு சொன்னார் பாருங்கள்: "இதெல்லாம் காது சொல்லணும்மா. காது இல்லாதவங்களுக்கு இது வராது."

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வராது என்று சொல்ல அவர் யார்? பன்னிரண்டு வருடமாக, இங்கிலீஷ் வாக்கியத்தின் தப்பில்லாத வடிவத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இதே சென்டென்ஸ் கரெக்‌ஷனைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வீட்டில் யாருமே இங்கிலீஷ் பேசாத பிள்ளைகள் இதில் தேறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சின்ன வயதிலிருந்து இங்கிலீஷிலேயே வளர்ந்தவர்கள் "இதுதான் கேட்க நல்லா இருக்கு" என்று சொல்லித் தப்பான விடையைத் தொட்டதையும் பார்த்திருக்கிறேன். காதுக்கு நல்லா இருக்கு என்பது ஒரு காரணமே கிடையாது. தேர்வு எழுதுகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மீதிப் பதிவைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை.

ஏன் என்று சொல்கிறேன். கேள்வி எழுதுகிறவர்களுக்கு நம் காது எங்கே ஏமாறும் என்று நன்றாகத் தெரியும். 'புத்தகங்களின் பட்டியல்' என்று ஒரு எழுவாயை வைப்பார்கள். இங்கிலீஷில் 'த லிஸ்ட் ஆஃப் புக்ஸ்' என்று வரும். வினைக்குப் பக்கத்தில் நிற்பது 'புக்ஸ்', பன்மை. காது உடனே 'ஆர்' கேட்கும். ஆனால் எழுவாய் 'லிஸ்ட்', ஒருமை, 'இஸ்'தான் வரவேண்டும். இது நமக்கு மட்டும் வருகிற தடுமாற்றம் என்று நினைக்காதீர்கள். 1991-ல் காத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமே 'த கீ டு த கேபினெட்ஸ்' மாதிரியான தொடக்கங்களைக் கொடுத்து வாக்கியத்தை முடிக்கச் சொன்னார்கள். சாவி ஒன்றுதான், அலமாரிதான் பல. ஆனாலும் அவர்கள் அவ்வப்போது 'வேர்' என்று பன்மையில் முடித்தார்கள். பிறந்ததிலிருந்து அந்த மொழியில் வளர்ந்த காதுக்கே இந்த நிலை. அதை நம்பு என்று ஒரு பிள்ளையிடம் எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

"அப்போ எங்களுக்கு இலக்கணம் எங்கிருந்து வரும்" என்று கேட்பவர்களுக்கு என் பதில், பாதி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது.

இதைப் பாருங்கள்: 'தெருவில் நடந்துபோய் மரங்கள் அழகாகத் தெரிந்தன.' படித்ததும் உறுத்துகிறதா? நடந்தது யார், மரமா? இங்கிலீஷில் 'வாக்கிங் டவுன் த ஸ்ட்ரீட், த ட்ரீஸ் லுக்ட் பியூட்டிஃபுல்' என்று எழுதினால் பத்தில் எட்டுப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள், காதுக்கு அது இனிமையாக இருப்பதால். தமிழில் போட்டால் உடனே மாட்டிக்கொள்கிறது. 'செய்து' என்ற வாய்பாட்டு வினையெச்சம் வினைமுதலின் வினையைக் கொண்டு முடிய வேண்டும் என்று தொல்காப்பியம் வினையியலிலேயே விதி இருக்கிறது. நடந்தவர்தான் பார்த்தவராகவும் இருக்க வேண்டும். டாங்லிங் மாடிஃபையர் என்று பெரிய பெயர் வைத்துப் பயமுறுத்துகிற சமாசாரம் இவ்வளவுதான். 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்கிறோமே என்று இலக்கணம் படித்தவர்கள் வருவீர்கள். சரி, அதை 'மழை பெய்ய' என்று பொருள் கொள்ளச் சொல்லி நம் இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது. விதியும் உண்டு, விலக்கும் உண்டு, இரண்டுக்கும் காரணமும் உண்டு. காது என்று எவரும் சொல்லவில்லை.

தமிழ் கைவிடுகிற இடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 'அவன் சம்பளம் என்னைவிட அதிகம்' என்று நாம் எல்லோரும் பேசுகிறோம். சம்பளத்தை ஆளோடு ஒப்பிடுகிறோம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தேர்வில் அது தப்பு. 'மைன்' என்றோ 'தட் ஆஃப்' என்றோ போட்டு, சம்பளத்தைச் சம்பளத்தோடு நிறுத்த வேண்டும். எதை எதோடு ஒப்பிடுகிறாய் என்று ஒவ்வொரு முறையும் விரல் வைத்துக் கேட்டுக்கொண்டால் இதுவும் பழகிவிடும்.

இப்போது இடியம், அதாவது எந்தச் சொல்லோடு எது சேர்ந்து வரும் என்ற வழக்கு, அந்த விஷயத்துக்கு வருகிறேன், அந்தப் பெண் அகப்பட்டுக்கொண்ட இடம் அதுதான்.

நான் பள்ளியில் படித்தபோது வகுப்பில் எழுந்து 'டிஸ்கஸ் அபௌட்' என்று சொன்னேன். ஆசிரியர் திருத்தவில்லை. அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். மறுபடியும் சொல்லச் சொன்னார். மூன்றாவது முறை வகுப்பே சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அன்றைக்கு முழுக்க எனக்குத் தெரியவில்லை, அதுதான் கொடுமை. தப்பு என்ன என்று யாரும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து நானாகப் புரிந்துகொண்டேன்: தமிழில் 'அதைப் பற்றிக் கலந்து பேசினோம்' என்போம். அந்தப் 'பற்றி'தான் என் வாயில் 'அபௌட்'டாக வந்தது. 'டிஸ்கஸ்' என்ற வினைக்குள்ளேயே அந்தப் 'பற்றி' அடங்கிவிட்டது, அது நேராகச் செயப்படுபொருளை எடுத்துக்கொள்ளும். இதைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்குமா? அதற்குப் பிறகு கல்லூரி முடியும்வரை எந்த வகுப்பிலும் நான் எழுந்து பேசவில்லை. நேற்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த வகுப்பறைதான் ஞாபகம் வந்தது.

நன்னூல் ஏழு வழுக்களைச் சொல்லும்போது கடைசியாக மரபு வழுவைச் சொல்கிறது. யானைக்கன்று என்பதுதான் மரபு, யானைக்குட்டி என்றாலும் அர்த்தம் புரியும், ஆனால் மரபு வழு. ஆந்தை அலறும், காகம் கரையும். ஏன் என்று கேட்டால் பெரியவர்கள் அப்படிச் சொன்னார்கள், அவ்வளவுதான். இடியம் என்பது இதே மரபுதான். மரபு தெரியாதவன் புத்தி குறைந்தவன் இல்லை, அந்த வீட்டுக்கு இன்னும் போய்ப் பழகாதவன். தேர்வு கேட்கிற மரபில் 'கன்சிடர்' பக்கத்தில் 'ஆஸ்' வராது, 'ரிகார்ட்' பக்கத்தில் வரும். அந்தப் பெண் ஒன்றின் வழக்கத்தை மற்றதில் போட்டுவிட்டாள். 'கன்சிடர் ஆஸ்' என்று நல்ல இங்கிலீஷ் எழுத்திலேயே எவ்வளவோ பார்க்கலாம். தேர்வு அதை ஏற்காது என்பது தேர்வின் வழக்கம், அவளுடைய அறிவின் அளவு இல்லை.

இடியம் பட்டியலை உருப்போடு என்பதும் எனக்கு உடன்பாடில்லை. நானே ஒரு நோட்டு முழுக்க எழுதி உருப்போட்டேன், தேர்வு அறையில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. காரணத்தோடு கூட்டம் கூட்டமாகப் படித்தால்தான் நிற்கும். 'ப்ரொஹிபிட்', 'ப்ரிவென்ட்', 'டிஸ்கரேஜ்', 'டிஸ்வேட்' எல்லாமே ஒருவரை ஒன்றிலிருந்து விலக்குகிற வினைகள். அதனால் 'ஃப்ரம்' வரும். நம் ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல் பொருள்தான் அது. அந்தக் கூட்டத்தில் சேராமல் 'ஃபர்பிட்' மட்டும் 'டு' எடுத்துக்கொள்ளும். அதை ஒரு முழு வாக்கியத்தோடு எழுதி வையுங்கள். தனிச் சொல்லாக எழுதினால் நிற்காது. தப்பு செய்த ஒவ்வொரு கேள்வியையும் முழு வாக்கியத்தோடு, ஏன் தப்பு என்ற ஒரு வரியோடு எழுதுங்கள். முதலில் எழுவாய், வினை. பிறகு யார் செய்தது, எதோடு ஒப்பீடு. இடியம் கடைசியில். கடைசியில் என்றுதான் சொல்கிறேன், பலர் முதலில் அதில்தான் போய் விழுகிறார்கள்.

"ஜிமேட்டிலேயே அதை எடுத்துட்டாங்களே, இன்னும் எதுக்கு இந்தப் பேச்சு" என்று இரண்டு பேர் நேற்றே கேட்டுவிட்டீர்கள். ஆமாம், மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வின் 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் சென்டென்ஸ் கரெக்‌ஷன் இல்லை. ஆனால் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடியில் ரீடிங் அண்ட் ரைட்டிங் பகுதியின் 54 கேள்விகளில் 11 முதல் 15 வரை இந்த இலக்கணத்தைத்தான் சோதிக்கின்றன. அதே மாதிரியான இன்னொரு தேர்வான ஏசிடியில் இங்கிலீஷுக்கென்று ஒரு தனிப் பகுதியே இருக்கிறது. மென்பொருள் திருத்திக்கொடுக்குமே என்பவர்களுக்கு: தேர்வு அறைக்குள் அது வராது.

"விதி விதிதான், தேர்வு வைக்கிறவன் சொன்னா சரி" என்று ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். அவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல நினைக்கிறேன். 2002 அக்டோபரில், எஸ்ஏடிக்கு முன்னோட்டமான பிஎஸ்ஏடி தேர்வில் எழுத்தாளர் டோனி மாரிசனைப் பற்றி ஒரு வாக்கியம் வந்தது. 'டோனி மாரிசன்ஸ் ஜீனியஸ்' என்று தொடங்கி, பிறகு 'ஹெர்' என்று வரும். தப்பே இல்லை என்பதுதான் அவர்கள் வைத்திருந்த விடை. அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர் எதிர்த்து எழுதினார். உடைமைப் பெயரைக் குறித்து 'ஹெர்' வரக்கூடாது என்று பல இலக்கணப் புத்தகங்கள் சொல்கின்றனவே, அதைப் படித்த மாணவன் தப்பு இருக்கிறது என்று குறித்திருந்தால் அவனுக்கு ஏன் மதிப்பெண் போகவேண்டும் என்று கேட்டார். முதலில் மறுத்தார்கள். அவர் விடவில்லை. 2003-ல் அந்தக் கேள்வியையே நீக்கி மதிப்பெண்களை மறுபடி கணக்கிட்டார்கள். கேள்வி தயாரிக்கிற நிபுணர்களே 'ஹெர்' என்ற ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் வாதாட வேண்டியிருந்தது. 'லெஸ்', 'ஃப்யூவர்' வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1770-ல் ராபர்ட் பேக்கர் என்பவர் தனக்கு இப்படிப் பிடித்திருக்கிறது என்று எழுதியதுதான் பின்னால் விதியாக இறுகிப்போனது. நான் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், எண்ண முடிந்தால் 'ஃப்யூவர்' என்று கண்டிப்பாகவே சொல்கிறேன். ஆனால் அது தெரியாத ஒருவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு வாய் வராது.

இனி, "உங்களுக்கு அவர்மேல் பொறாமை, உங்கள் மாணவர் எண்ணிக்கை குறைவு" என்ற பின்னூட்டம். இதற்கு என்ன சொல்வது? குறைவுதான். பொறாமை இல்லை. வலிக்கிறது, அவ்வளவுதான். ஒரு மொழி தெரிந்ததை வைத்து இன்னொருவரைக் கூசவைக்க முடிகிறதே, அதைப் பார்த்து ஆயிரம் பேர் சிரிப்புக் குறி போட முடிகிறதே, அதில் எனக்குத் தெரிந்தவர்கள் பெயரும் இருக்கிறதே, அதுதான். போட்டவர்களில் மூன்று பேர் என்னிடம் படித்தவர்கள். உங்கள் பெயரை நான் எழுதவில்லை. நீங்கள் முதல் வகுப்பில் என்னிடம் கொண்டுவந்த வாக்கியங்கள் இன்னும் என் நோட்டில் இருக்கின்றன, உங்களுக்கே தெரியும். அன்றைக்கு நான் சிரித்தேனா?

அந்தப் பெண் தன் கணக்கை மூடிவிட்டாள் என்று காலையில் கேள்விப்பட்டேன். அவளைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவளிடம் சொல்லுங்கள்: அம்மா, அந்தக் கேள்வியில் நீ 'ஆஸ்' இருந்த விடையை எடுத்ததற்குக் காரணம் இருந்தது, 'ரிகார்ட்' உன் மனதில் இருந்தது. மற்ற மூன்று தப்பான விடைகளை நீ சரியாகவே ஒதுக்கியிருந்தாய், அதை அந்தக் காணொளியில் யாரும் கவனிக்கவில்லை. அடுத்த தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. உன் தப்புக் கேள்விகளை எல்லாம் முழு வாக்கியமாக எழுதி எனக்கு அனுப்பு, சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.