ரோபோ போட்டி வன்னிக்கு வரவேண்டும்

கணிதப் பிரிவு எடுக்கப் பயப்படுகிற பிள்ளைக்கு இன்னொரு ரியூசன் வகுப்பை விட ஒரு ரோபோ போட்டி கூடுதலாக உதவும் என்றுதான் நான் நினைக்கிறேன். பொறியியலாளர் என்றால் கொழும்பில், இல்லாவிட்டால் வெளிநாட்டில் இருக்கிற ஆள் என்று நினைத்தே வன்னியில் பழகிவிட்டோம்.

ஆரம்பப் போட்டிகளில் வழக்கமாக வருவது, கறுப்புக் கோட்டைப் பின்தொடர்ந்து ஓடுகிற சின்ன வண்டி. அடியில் உள்ள சென்சர் அகச்சிவப்புக் கதிரை விடும், வெள்ளைத் தரை அதைத் திருப்பி அனுப்பும், கறுப்பு உறிஞ்சிவிடும், அதை வைத்து எந்த மோட்டரை மெதுவாக்குவது என்று வண்டியில் உள்ள ஆடுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை முடிவெடுக்கும். இரவில் வீட்டில் அருமையாக ஓடிய வண்டி அடுத்த நாள் பாடசாலை மண்டபத்தில் கோட்டை விட்டு எங்கேயோ போகும். ஏனென்றால் யன்னலால் விழுகிற வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது! பாடமாக்கி எழுதி மறந்த மின்காந்த அலைகளை அந்தப் பிள்ளை அன்றைக்குத்தான் உண்மையில் சந்திக்கிறது. சென்சரைச் சுற்றிக் கறுப்பு மட்டை ஒட்டிப் பார்க்கும், புரோகிராமில் உள்ள பெறுமானத்தை மாற்றும். பற்றரி இறங்கினால் வளைவில் திரும்புவதும் மாறும், அது அடுத்த தலையிடி.

அமெரிக்காவில் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர் 1989இல், மாணவர்களுக்கு ரோபோ போட்டி நடத்துகிற ஃபர்ஸ்ட் அமைப்பைத் தொடங்கினார், 1992இல் 28 அணிகளுடன் முதல் போட்டி நடந்தது. மாணவர்களோடு உண்மையான பொறியியலாளர்களையும் சேர்த்து வேலை செய்ய வைத்தார்கள் பாருங்கள், எனக்கு ரோபோவை விட அதுதான் பெரிய விஷயம்.

எங்களிடமும் ஆட்கள் இருக்கிறார்கள். யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தானே இருக்கிறது, வவுனியா வளாகமும் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. துணுக்காயில் படிக்கிற ஒரு பிள்ளை, பீடத்தில் படிக்கிற அக்கா ஒருவர் சோல்டரிங் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், அப்புறம் யாரும் அதற்குப் புத்தி சொல்லத் தேவையில்லை.

சில பாடசாலைகளில் ரோபோ செய்கிற சாமான் வந்தும் உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் அலுமாரியில் பூட்டியே கிடக்கிறது, அதைப் பார்க்க எனக்குக் கோபம்தான் வருகிறது. அதிபர்மாரே, தயவுசெய்து திறந்து விடுங்கள், தரம் 7, 8 பிள்ளைகளின் கையில் கொடுங்கள். போட்டி நடத்துகிறவர்களும் முதல் சுற்றை முல்லைத்தீவிலும் மன்னாரிலும் வையுங்கள், கடைசி பஸ்ஸுக்கு முதல் முடியுங்கள், இல்லாவிட்டால் தூரத்துப் பெண் பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள்.