‘கேவலம்’ வரிக் கேஸ்

வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். எனக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருவர் என் சொந்த மச்சான், சிரிக்கிற பொம்மை நாலைந்து சேர்த்து. அதனால் ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகள் சங்க விழாவில் என்ன நடந்தது என்று முதலில் இருந்து சொல்லப் போவதில்லை. ‘அந்தக் காலத்து டான்களுக்கு ஒரு தர்மம் இருந்தது, அல் கபோனைக் கொலைக் கேஸில் தொடக்கூட முடியலை, கேவலம் ஒரு வரிக் கேஸ்ல உள்ளே போட்டாங்க’ என்று சிறப்புப் பேச்சாளர் முழங்கினார். விசில் பறந்தது. நான் எழுந்து, ‘சார், அது கேவலமான கேஸ் இல்லை’ என்று ஆரம்பித்தேன். ‘அண்ணன் கணக்குப்பிள்ளை போல!’ என்றார். மண்டபமே சிரித்தது. வீடியோ அதோடு முடிகிறது. அதற்குப் பிறகும் நான் ரெண்டு நிமிஷம் பேசினேன். அதை வெட்டிவிட்டார்கள்.

ஆமாம், கணக்குப்பிள்ளைதான். 26 வருஷமாக அடுத்தவர் கணக்கை எழுதித்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. அதனால்தான் அந்தக் ‘கேவலம்’ மட்டும் மீன்முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். அல் கபோன், அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் கள்ளச் சாராயமும் சூதாட்டமும் நடத்திய சிகாகோ ரவுடிக் கும்பலின் தலைவர். 1926 ஏப்ரலில் சிகாகோவில் மெக்ஸ்விக்கின் என்ற உதவி அரசு வழக்கறிஞரைச் சுட்டுக் கொன்றார்கள். ஊர் கொந்தளித்தது. பக்கத்து ஊரான சிசரோவில் கபோன் ஆட்களின் இடங்களுக்குள் போலீஸ் புகுந்து கையில் கிடைத்ததை எல்லாம் அள்ளி வந்தது. அதில் ஒரு சூதாட்டக் கூடத்தின் கணக்குப் புத்தகங்களும் இருந்தன. வெளியே தொங்கிய பலகையில் சுருட்டுக் கடை என்று எழுதியிருந்த இடம் அது. கொலை கேஸுக்குப் பேரேடு எதற்கு? மூட்டை கட்டி மூலையில் போட்டுவிட்டார்கள். நாலு வருஷம் தூசி தின்றது. பிறகு வருமான வரிப் புலனாய்வுப் பிரிவைச் சேர்ந்த பிராங்க் வில்சன் வேறு எதையோ தேடும்போது அந்த மூட்டையைப் பிரித்தார். உள்ளே ரவுலட்டுக்கு ஒரு பத்தி, பகடைக்கு ஒரு பத்தி, குதிரைப் பந்தயத்துக்கு ஒரு பத்தி. அரை மில்லியன் டாலரைத் தாண்டிய லாபம். பங்கு பிரித்த இடத்தில் ‘அல்’ என்று ஒரு பெயர்.

எழுதியவன் யார்? கையெழுத்தை வைத்துக்கொண்டு வில்சனின் ஆட்கள் வங்கிக் காகிதங்களோடு ஒத்துப் பார்த்தார்கள். இதைச் சினிமாவில் காட்ட மாட்டார்கள், ஏனென்றால் பார்க்க சுவாரசியமே இருக்காது. எனக்குத் தெரியும் அந்த வேலை. என்னிடம் இருந்த பையன்களின் ‘7’ஐயும் ‘1’ஐயும் இன்றைக்குக் காட்டினாலும் யார் போட்டது என்று சொல்லிவிடுவேன். அப்படித்தான் லெஸ்லி ஷம்வே என்ற எழுத்தரைக் கண்டுபிடித்தார்கள். ஆள் மயாமியில் ஒரு பந்தயத் திடலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டிவந்து, ஒளித்து வைத்து, சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அந்தக் கூடத்தின் காசாளரும் வந்தார். பணத்தை அவர் பொய்ப் பெயரில் வங்கிக் காசோலைகளாக மாற்றிக் கொடுத்து வந்தவர். தெருவில் இறங்கினால் உயிர் போகும் என்று தெரிந்தும் பேசிய ரெண்டு கணக்குப்பிள்ளைகள். சிரியுங்கள்.

கபோனுக்குத் தன் பெயரில் வங்கிக் கணக்கு கிடையாது. புளோரிடா பங்களா மனைவி பெயரில். ரொக்கம், எல்லாம் ரொக்கம். வருமானத்தை எழுத்தில் காட்டவே இல்லை என்றால் எப்படிப் பிடிப்பது? செலவை வைத்துத்தான். கோர்ட்டில் தையல்காரர் வந்து எத்தனை சூட் தைத்தேன் என்று சொன்னார். வைரம் வைத்த பெல்ட் பக்கிள்களுக்குக் கணக்கு வந்தது. டெலிபோன் பில், கறிக்கடை பில், பட்டு உள்ளாடை வரை வந்தது. ஊரே நடுங்கிய மனிதனின் ஜட்டிக் கணக்கைச் சபையில் வாசித்திருக்கிறார்கள். ஜூரிகளை விலைக்கு வாங்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும், நீதிபதி வில்கர்சன் விசாரணை தொடங்குகிற அன்றைக்கே மொத்த ஜூரிப் பட்டியலையும் வேறொரு கோர்ட்டோடு மாற்றிவிட்டார். 1931 அக்டோபர் 24, 11 வருஷ ஜெயில், 50,000 டாலர் அபராதம். இதுதான் நம் பேச்சாளருக்குக் ‘கேவலம்’.

‘கொலைக்குத் தண்டனை இல்லையே, வரிக்குத்தானே’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. எனக்கும் வருத்தம்தான். ஆனால் கொலைக்குச் சாட்சி சொல்ல ஆள் வேண்டும். சொல்ல இருந்தவர்கள் உயிரோடு இல்லை, உயிரோடு இருந்தவர்களுக்கு வாய் இல்லை. பேரேட்டுக்கு அந்தப் பயம் கிடையாது. அதை மிரட்ட முடியாது, எரிக்கத்தான் முடியும். இவர்கள் எரிக்க மறந்தார்கள், அவ்வளவுதான்.

‘கள்ளப் பணத்துக்கு எப்படி சார் வரி கட்டுவான், கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகாதா’ என்று இன்னொருவர். ரொம்பப் புத்திசாலித்தனமான வாதம். இதே வாதத்தை வைத்த சல்லிவன் என்ற சாராய வியாபாரியின் கேஸ் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1927இல் அவர் தோற்றார். தொழில் கள்ளத் தொழில் என்பதற்காக வரிக் கணக்கே தாக்கல் செய்யாமல் இருக்க முடியாது என்று நீதிபதி ஹோம்ஸ் எழுதினார். அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அப்படியானால் அதிகாரிகளுக்குக் கொடுத்த லஞ்சத்தைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாமா என்று வக்கீல் தரப்பு இழுத்தது. அப்படிக் கேட்கும் துணிச்சலோடு ஒருவர் வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில் ஒரே வரியில் முடித்துவிட்டார் ஹோம்ஸ்.

அந்த வரியைப் படித்த அன்று எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது. பாத்திரக் கடை வைத்திருந்தார். நீளமான சிவப்பு அட்டைப் பேரேடு, மேலே பிள்ளையார் சுழி, பக்கத்தில் ‘லாபம்’. மாதம் பிறந்தால் முதல் வெள்ளிக்கிழமை ஒருவர் வருவார். கத்தமாட்டார், கெட்ட வார்த்தை பேசமாட்டார். ‘அண்ணாச்சி, நல்லா இருக்கீகளா’ என்று கேட்டு, நாலு டம்ளரை எடுத்துத் தட்டிப் பார்த்து, ஸ்டூலில் உட்காருவார். அப்பா கல்லாவைத் திறந்து 150 ரூபாய் எடுத்துக் கொடுப்பார். அவர் போனதும் பேரேட்டை எடுத்து ‘ம.’ என்று ஒற்றை எழுத்து, எதிரே 150. மாமூல் என்று முழுசாக எழுதக் கை வரவில்லை, எழுதாமல் விடவும் மனசு வரவில்லை. ஒருமுறை ‘தர்மம்னு எழுதிருங்கப்பா’ என்று சொன்னேன். எனக்குப் பதினாலு வயசு. அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ‘தர்மத்தை ஏன்டா இழுக்க’ என்றார்.

‘தர்மம் இருந்தது’ என்று ஒருவர் மைக்கில் சொல்லும்போது எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வருகிறது என்று இப்போதாவது புரிந்தால் சரி.

இத்தாலியின் சிசிலித் தீவில் மாஃபியாக் கும்பல்கள் கடைக்காரர்களிடம் வாங்கும் இந்த மாமூலுக்கு ‘பிட்ஸோ’ என்று பெயர். பறவை அலகை நனைத்துக்கொள்கிற மாதிரி, கொஞ்சம் நனைத்துக்கொள்கிறோம் என்பார்களாம். எவ்வளவு பணிவு பாருங்கள். எங்கள் ஸ்டூல்காரரும் பணிவானவர்தான்.

அப்புறம் ‘சம்பந்தமில்லாதவனைத் தொடமாட்டான்’ என்ற கதை. 1929 பிப்ரவரி 14, சிகாகோ வடக்கு கிளார்க் தெருவில் ஒரு கராஜ். போலீஸ் உடுப்பில் ஆட்கள் வருகிறார்கள். ஏழு பேரைச் சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்திச் சுட்டார்கள். அந்த ஏழில் ஒருவர் கார் ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக். இன்னொருவர் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பவர், ரவுடிகளோடு சுற்றுவதில் ஆசை கொண்டவர். உள்ளே கட்டிக் கிடந்த நாய் ஊளையிட்டதில்தான் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். கபோன் அன்றைக்குப் புளோரிடாவில் இருந்தார். ஊரில் இல்லாமல் இருப்பதுதான் அந்தக் காலத்து டானின் தர்மம். இந்தக் கொலைகளுக்காக யாரும் தண்டிக்கப்படவே இல்லை.

இப்போது கஞ்சித் தொட்டி அன்பர்கள் வருவார்கள். வந்துவிட்டார்கள். ‘1930 பஞ்ச காலத்தில் வேலை இல்லாதவனுக்கு சிகாகோவில் சூப் ஊற்றியது யார்? அரசாங்கமா?’ ஊற்றினார், சரி. பசித்தவன் குடித்தான், அவனைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்தச் சரக்கு கடைக்காரர்களிடம் மிரட்டி வாங்கியது என்ற பேச்சு அப்போதே உண்டு. அது பொய்யாகவே இருக்கட்டும். வரி கட்டாமல் ஒதுக்கியதில் ஒரு கரண்டியைத் திருப்பி ஊற்றிவிட்டு வள்ளல் பட்டம் வாங்குவது எந்தக் கணக்கு? வரவே எழுதாதவன் தர்மச் செலவை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதுகிறான். எங்கள் ஸ்டூல்காரரும் கோயில் கொடைக்கு ஆயிரம் ரூபாய் எழுதுவார். கல்வெட்டில் பெயர் இருக்கிறது. அப்பா பெயர் இல்லை. அந்த ஆயிரத்தில் அப்பா பணம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பேரேடு இப்போது என்னிடம் இருக்கிறது.

மதுவிலக்குச் சட்டமே முட்டாள்தனம் என்கிறீர்களா? ஒப்புக்கொள்கிறேன். அவர்களே 1933இல் எடுத்துவிட்டார்கள். அடுத்தது.

‘இன்றைக்குக் கோட் சூட் போட்ட கம்பெனிகள் ஏய்க்காத வரியா’ என்கிறீர்கள். ஏய்க்கிறார்கள். அதையும் நான்தான் உட்கார்ந்து பார்க்கிறேன், நீங்கள் இல்லை. அவன் திருடினால் இவன் மகாத்மாவா? இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை.

கபோனுக்குப் பிறகு வந்தவர்கள் பாடம் படித்தார்கள், அதையும் சொல்லவேண்டும். சிகாகோவிலேயே பின்னால் தலைவரான டோனி அக்கார்டோ, தான் ஒரு பியர் விற்பனைப் பிரதிநிதி என்று கணக்கு எழுதி, சிவப்பு மெர்சிடிஸ் காரின் செலவை அதில் கழித்துக் காட்டினார். 1960இல் தண்டனை, மேல்முறையீட்டில் தப்பித்தார். (என் வாடிக்கையாளர் இருவர் இதைப் படித்துவிட்டு யோசனை கேட்க வேண்டாம்.)

எனக்கு மறக்காதவர் நியூயார்க் டான் பிராங்க் காஸ்டெல்லோ. 1951இல் செனட் குழு விசாரணையை டிவியில் காட்டினார்கள். முகத்தைக் காட்டக்கூடாது என்றதால் கேமரா அவர் கைகளை மட்டும் காட்டியது. நாட்டுக்கு நீ என்ன செய்தாய் என்று கேட்டார் ஒரு செனட்டர். ‘வரி கட்டினேன்’ என்றார். சபை சிரித்தது. மூன்றே வருஷத்தில், 1954இல், வரி ஏய்ப்பில் தண்டனை. காட்டிய வருமானம் இவ்வளவு, செலவு அவ்வளவு, இடைவெளி எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். மனைவி செய்த செலவு, குடும்பத்துக்கு வாங்கிய கல்லறை மண்டபம் எல்லாம் கணக்கில் வந்தது. 1957 மே மாதம் அவரைச் சுட்டார்கள். குண்டு தலையை உரசிப் போனது. சுட்டவனை அடையாளம் காட்ட மறுத்துவிட்டார், உங்கள் ‘தர்மம்’ அதுதான். ஆனால் அவர் கோட்டுப் பையில் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. காசினோ மொத்த வரவு, 651,284 டாலர். லாஸ் வேகஸில் அப்போதுதான் திறந்த ட்ராப்பிகானா காசினோவின் வரவோடு அந்த எண் பொருந்தியது. வாயைக் கட்டிவிட்டார், பையில் இருந்த சீட்டைக் கட்ட முடியவில்லை.

இதைத்தான் அந்த ரெண்டு நிமிஷத்தில் சொல்ல முயன்றேன். முன்வரிசையில் இருந்த யாரும் திரும்பவில்லை. அவர்களில் மூன்று பேருக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். மார்ச் கடைசியில் இரவு பத்து மணிக்குப் போன் செய்து ‘தம்பி, எப்படியாவது’ என்பவர்கள். பேச்சாளர் ஜோக் அடித்தது வலிக்கவில்லை, அது அவர் பிழைப்பு. இவர்கள் சிரித்தது வலித்தது. வீட்டுக்கு வந்தால் மகள், ‘அப்பா, கிளாஸ் குரூப்பில் எல்லாம் போட்டிருக்காங்க’ என்கிறாள். என்ன சொல்ல?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சங்கப் பொருளாளர் அண்ணாச்சி போன் செய்தார். விழாக் கணக்கை முடிக்க வேண்டுமாம். பேச்சாளர் பணத்தைக் கவரில் ரொக்கமாகத்தான் கேட்டாராம், ரசீது தரவில்லையாம். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்கிறார்.

நாளைக்குக் காலையில் பேரேட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.