காப்பி செய்து போட்டால் அப்டேட் ஏறாது

"அப்டேட் ஃபைல்களை விண்டோஸ் 7 டிஸ்க்கில் ஒரு ஃபோல்டரில் போட்டு எழுதினால், இன்ஸ்டால் ஆகும்போதே ஏறிவிடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். ஏறாது. அவை டிஸ்க்கில் சும்மா கிடக்கும், அவ்வளவுதான்.

நிறுவப்படும் சிஸ்டம் முழுவதும் இன்ஸ்டால்.விம் என்ற ஒரே ஃபைலுக்குள் இருக்கிறது. அதை டிஸ்ம் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியால் மவுன்ட் செய்து (அதாவது ஒரு ஃபோல்டர் போலத் திறந்து), அப்டேட்டைச் சேர்த்து, கமிட் (மாற்றங்களைச் சேமிக்கும் கட்டளை) கொடுத்து மூட வேண்டும். கமிட் மறந்தால் அத்தனையும் வீண் (நான் மறந்திருக்கிறேன்). ஹோம் பிரீமியம், அல்டிமேட் என ஒவ்வொரு பதிப்புக்கும் அதற்குள் தனி இன்டெக்ஸ் (வரிசை எண்) உண்டு. ஒன்றில் சேர்த்தது மற்றதில் வராது.

வரிசையும் முக்கியம். 2016-இல் வந்த பெரிய தொகுப்பான கேபி3125574-ஐச் (கேபி என்பது மைக்ரோசாஃப்ட் அப்டேட்டுக்குத் தரும் எண்) சேர்க்கும் முன் கேபி3020369 என்ற அப்டேட் உள்ளே இருக்க வேண்டும். இரண்டுக்குமே சர்வீஸ் பேக் 1 (விண்டோஸ் 7-க்கு முன்பே வந்த பெரிய அப்டேட் தொகுப்பு) அடிப்படை. அந்த சர்வீஸ் பேக்கை டிஸ்மால் இப்படிச் சேர்க்க முடியாது என்பதால், அது ஏற்கெனவே உள்ள டிஸ்க்கில் தொடங்குவதே நல்லது.

அப்புறம், யுஎஸ்பி 3 டிரைவரை டிஸ்க்கில் உள்ள பூட்.விம் என்ற ஃபைலிலும் சேருங்கள். இன்ஸ்டாலர் ஓடுவது அதிலிருந்துதான். இல்லாவிட்டால் யுஎஸ்பி 3 போர்ட் மட்டுமே உள்ள கணினியில் முதல் திரையிலேயே கீபோர்டும் மவுஸும் செத்துக் கிடக்கும்.

பழைய விண்டோஸ் எக்ஸ்பி கதை வேறு. அதில் விம் ஃபைல் கிடையாது, சர்வீஸ் பேக் 3-ஐ இன்டகிரேட் சுவிட்சோடு (கட்டளையில் சேர்க்கும் ஒரு சொல்) ஓட்டினால் போதும்.