கூடாரத்துக்குப் பின்னால் என்ன இருக்கு?

டிசம்பர் பள்ளி விடுமுறை வருது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் கிளாம்பிங், அதாவது சொகுசுக் கூடாரத்தில் தங்குகிற பேச்சு. நாத்தனார் நாலு இடத்தின் படங்களை அனுப்பியிருக்கிறாள். நாலிலும் அதே வெள்ளைக் கூடாரம், அதே மஞ்சள் விளக்குச் சரம், அதே மூடுபனி. "அண்ணி, இந்தத் தடவை ஜண்டா பாய்க், இல்லைன்னா பெந்தோங். நீங்க சொல்றதுதான் முடிவு." வீட்டுக்காரர் தன் பழைய பாட்டை எடுத்துவிட்டார்: "தேசிய சேவையில ரெண்டு வருஷம் ஓசியில கூடாரத்துல படுத்தேன். இப்ப ஒரு ராத்திரிக்கு 600 ரிங்கிட்டா?"

நான் கிளாம்பிங்குக்கு எதிரி இல்லை. நம்ம சிங்கப்பூரின் உச்சியான புக்கிட் தீமா 164 மீட்டர்கூட முழுசாக இல்லை. டக்ஸ்டனில் இருக்கும் 50 மாடி வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக் கிட்டத்தட்ட அதே உயரம். மலை வேண்டுமென்றால் கடற்பாலம் தாண்டி மலேசியாவுக்குப் போய்த்தான் ஆகணும். கோலாலம்பூர் வரை ஓட்டி, அங்கிருந்து காராக் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஏறினால் போர்வை தேடும் குளிர். (ஜண்டா பாய்க் என்றால் மலாயில் 'நல்ல கைம்பெண்' என்று அர்த்தம். மகளுக்கு இதைச் சொன்னதில் இருந்து ஊர்ப் பெயரை உச்சரிக்கவே கூச்சப்படுகிறாள்.)

போகிற வழி பற்றி நம்ம ஆட்களுக்குப் பாடம் நடத்தவே வேண்டாம். 2025 ஜூலையில் இருந்து விஇபி (வெளிநாட்டு வாகன நுழைவு அனுமதி) இல்லாத காருக்கு 300 ரிங்கிட் அபராதம், உட்லண்ட்ஸைத் தாண்டும்போது முக்கால் டேங்க் பெட்ரோல், அங்கே போனால் ரான் 97 ரகப் பெட்ரோல் மட்டும், சாலைக் கட்டணத்துக்கு டச் அண்ட் கோ அட்டையில் காசு. எல்லாம் மனப்பாடம். குழுவில் இதுவரை 140 செய்திகள். ஏர்கோன் உண்டா, கழிவறை உள்ளேயா, பார்பிக்யூ அடுப்பு தருவார்களா, வைஃபை எப்படி. கூடாரம் நிற்கும் சரிவைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன வருஷம் நானும் கேட்கவில்லை. அதே டிசம்பர், பெயர் சொல்ல விரும்பாத ஒரு இடம். முதல் நாள் ராத்திரி முழுக்க மழை. பதினொரு மணிக்கு ஜெனரேட்டர் நின்றது, ஏர்கோன் போனது. நல்லதாப் போச்சு, குளிர் போதும் என்று சிரித்துக்கொண்டே படுத்தோம். காலையில் ரவாங்கில் இருந்து பெரிய மாமா நாசி லெமாக் பொட்டலங்களோடு எங்களைப் பார்க்க வந்தார். இளவயசில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர், எழுபது தாண்டியும் நடை குறையவில்லை. கூடாரத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் நேராகப் பின்பக்கம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

அங்கே மலையைச் செங்குத்தாக வெட்டியிருந்தார்கள். வெட்டின இடத்தில் பாதியை நீலத் தார்ப்பாய் போட்டு மூடி, மேலே மணல் மூட்டை வைத்திருந்தார்கள். தார்ப்பாய்க்கு அடியில் இருந்து செம்மண் தண்ணீர் கசிந்து, எங்கள் மரத்தளத்தின் கால்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. மாமா மேலே கையைக் காட்டினார். "அந்த மரத்தப் பாரும்மா. நாலும் ஒரே பக்கமா சாஞ்சிருக்கு. மரம் சாயல, அதைப் பிடிச்சிருக்கிற மண்ணு எறங்குது." அப்புறம் மெதுவாக, "பத்தாங் காலி மறந்துபோச்சா?" என்றார்.

மறக்கவில்லை. ஆனால் முன்பதிவு செய்யும்போது ஞாபகம் வரவில்லை, அதுதான் உண்மை. 2022 டிசம்பர் 16, விடியற்காலை இரண்டரை மணிக்கு மேல். கெந்திங் மலைக்குப் போகும் வழியில், பத்தாங் காலி பக்கத்து முகாம் ஒன்றில் பள்ளி விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது மேலே இருந்த சரிவு அப்படியே இறங்கியது. 31 பேர் இறந்துபோனார்கள், குழந்தைகளும் சேர்த்து. இயற்கை விவசாயப் பண்ணை நடத்த அனுமதி வாங்கிய இடம் அது. முகாம் நடத்த உரிமம் கிடையாது. தங்க வந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? கூடாரம் சுத்தமா இருக்கா, பிள்ளைகள் ஓடி விளையாட இடம் இருக்கா என்றுதான் நாமும் பார்த்திருப்போம்.

நாங்கள் அன்றைக்கே மூட்டை கட்டினோம். இரண்டாவது ராத்திரிக் காசு திரும்பி வரவில்லை. அதுக்காக வீட்டுக்காரர் இன்னும் மாமாவைக் கிண்டல் பண்ணுகிறார். பண்ணட்டும்.

ஆற்றோரக் கூடாரமும் எனக்கு வேண்டாம். படத்தில் அதுதான் அழகு, ஒத்துக்கொள்கிறேன். மலாய்க்காரர்கள் 'கெபாலா ஆயிர்' என்று ஒன்றைச் சொல்வார்கள், தண்ணீரின் தலை. நம்ம தலைக்கு மேலே வெயில் அடிக்கும். மழை மலை உச்சியில் பெய்திருக்கும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கும், இலையும் சுள்ளியும் மிதந்து வரும். அதைப் பார்த்ததும் செருப்பைக்கூடத் தேடாமல் கரையேற வேண்டும். ஓடையில் கால் நனைத்து செல்பி எடுக்கும் பிள்ளைகளுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அங்கே கம்போங்கில் (கிராமத்தில்) முகாம் நடத்துகிற ஆட்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு டிசம்பர்தான் வியாபாரம், நம்ம சிங்கப்பூர்க் காசும் அப்போதுதான் வருது. கடிந்துகொள்வது நம்மையே. இங்கே மரக்கிளை ஒன்று முறிந்து விழுந்தால் உடனே நகர மன்றத்துக்கு போன் போடுகிற நாம், அக்கரைக்குப் போனதும் ஏன் எதையும் கேட்பதில்லை? யாரோ பார்த்து அனுமதி கொடுத்திருப்பார்கள் என்று நம்பியே வளர்ந்த பழக்கம்.

இந்த முறை நாலு இடத்துக்கும் நானே எழுதினேன். முகாம் நடத்த உரிமம் இருக்கா, கூடாரத்துக்குப் பின்னால் சரிவு எவ்வளவு தூரம், கனமழை பெய்தால் ராத்திரியில் எங்களை எங்கே கூட்டிப் போவீர்கள். ஒருத்தர் சூரிய அஸ்தமனப் படமும் மூன்று இதயமும் அனுப்பினார். ஒருத்தர் "டோன்ட் வொரி சிஸ்டர்" என்றார். மூன்றாமவர் பதிலே போடவில்லை.

நாலாவது ஒரு தம்பி, பெந்தோங் பக்கம். போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே வீடியோ எடுத்து அனுப்பினார். பின்னால் வாழைத்தோப்பு, அதுக்கு அப்பால் சமதரையில் இஞ்சிக் காடு, மலை தூரத்தில் நீலமாக. உரிமத்தையும் படம் எடுத்து அனுப்பினார். "அக்கா, டிசம்பர்ல மழை ஜாஸ்தி. ஜூன் லீவுல வாங்க, ரோடும் நல்லா இருக்கும்" என்று அவரே சொன்னார். வருகிற வியாபாரத்தைத் தானே தள்ளிப்போடுகிற ஆளை நான் நம்புகிறேன். ஜூனுக்கு முன்பணம் கட்டியாச்சு.

ஏர்கோன் கிடையாது, காற்றாடிதான். கழிவறைக்கு முப்பது அடி நடக்கணும். அட்டை கடிக்கும், உப்புத் தூள் கொண்டு வாங்க என்று வேறு சொல்லியிருக்கிறார். நாத்தனார் குழுவில் இரண்டு நாளாக நீல டிக் மட்டும்தான், பதில் இல்லை.